ஜூன் மாதம் பார்க்காத ஆசிரியர்கள்

ராஜபாளையத்தில் ஒரே வீட்டில் மூன்று பெண்கள் ஆசிரியர் வேலைக்குப் போக நினைத்தால், மூவருக்கும் மூன்று விதமான பி.எட் வாய்க்கலாம். 2015-க்கு முன்பு படித்த அம்மாவுக்கு அது ஒரு வருடப் படிப்பு. அதற்குப் பின் சேர்ந்த மூத்த மகளுக்கு இரண்டு வருடம். பிளஸ் டூ முடித்திருக்கும் இளையவளிடம், டிகிரியையும் பி.எட்டையும் சேர்த்து நான்கு வருடத்தில் முடித்துவிடு என்கிறது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. போதாததற்கு, தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் 2025 பிப்ரவரியில் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. நான்கு வருட டிகிரியோ முதுகலையோ படித்தவர்களுக்கு மறுபடியும் ஒரு வருட பி.எட் கொண்டு வரலாம் என்கிறது அது. பத்தே வருடத்தில் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, திரும்பவும் ஒன்றிலேயே வந்து நிற்கிறது கணக்கு.

அப்படியானால், வகுப்பறைக்குள் தனியாகக் கால் வைப்பதற்கு முன் ஓர் ஆசிரியருக்கு எவ்வளவு காலப் பயிற்சி தேவை? டெல்லியிலும் சென்னையிலும் கமிட்டி போட்டுப் பேசும் இந்தக் கேள்வியை மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்திலிருந்து கேட்டுப் பார்க்கலாம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான். ராஜபாளையத்தில் நூற்பாலைகள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி, தளவாய்புரத்தில் நைட்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலும் பால்கோவாவும். வேலைக்குப் பஞ்சமில்லாத பக்கம்தான். ஆனாலும் 'பொண்ணு படிச்சிருக்கா, வெளியூருக்கு அனுப்ப முடியாது, கௌரவமான வேலையா இருக்கணும்' என்று யோசிக்கும் வீடுகள் கடைசியில் வந்து சேரும் இடம் ஆசிரியர் பயிற்சி. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் நெடுங்காலம் மாநிலத்தில் முதலிடத்தை விடாமல் வைத்திருந்த மாவட்டம் விருதுநகர். அதே விருதுநகரை, மத்திய அரசு 2018-இல் முன்னேற விழையும் மாவட்டங்களின், அதாவது வளர்ச்சியில் பின்தங்கியவற்றின், பட்டியலில் ராமநாதபுரத்தோடு சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை இந்த இரண்டும்தான். தேர்ச்சி விகிதம் வேறு, கற்றல் வேறு என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 1952-இல் முதல் நாடாளுமன்றத் தேர்தலில் காமராஜர் ஜெயித்தது ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில். இரண்டு வருடம் கழித்து முதலமைச்சரானதும், ஊருக்கு ஊர் பள்ளி திறந்தார். கட்டடம் இல்லாவிட்டால் கோயில் மண்டபம் போதும், ஓராசிரியர் இருந்தால் போதும் என்று தொடங்கிய வேகம் அது. அன்றைக்குப் பெரிய கேள்வி பயிற்சியின் நீளம் அல்ல, ஆள் கிடைப்பதுதான். இன்று நிலைமை தலைகீழ். பட்டம் பெற்றவர்கள் லட்சக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். ஆனாலும் படிப்பின் அமைப்பில் அந்தக் காலத்து அவசரம் இன்னும் போகவில்லை.

சட்டாம்பிள்ளை காலம்

பயிற்சி இல்லாமலே பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்ற யோசனையை உலகத்துக்கு ஏற்றுமதி செய்ததே நம் ஊர்தான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர் இருப்பார். அவருக்கு அடுத்து, கொஞ்சம் முன்னேறிய பையன் சட்டாம்பிள்ளை. சின்னப் பிள்ளைகளை மணலில் எழுத வைப்பது அவன் பொறுப்பு. 1789 வாக்கில் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைப் பார்த்து, தன் பள்ளியிலும் மூத்த பையன்களை இளையவர்களுக்குப் பாடம் நடத்த விட்டார். ஊர் திரும்பியதும் 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. காரணம் வேறொன்றுமில்லை, செலவு குறைவு. ஆசிரியர் பயிற்சி பற்றி இன்றைக்கு வரும் திட்டங்களில் பாதியையும் இதே கண்ணோடு பார்க்கலாம்.

அரைநூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1856-இல், அதே சென்னையில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. அதுதான் பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆனது. ஆசியாவிலேயே பழைய ஆசிரியர் கல்லூரிகளில் ஒன்று என்று பெயர் பெற்ற அந்த வளாகத்தை ஒட்டி ஒரு மாதிரிப் பள்ளியும் நடந்தது. பயிற்சிக்கு வந்தவர் காலையில் உளவியல் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, மதியம் அடுத்த கட்டடத்தில் பிள்ளைகள் முன் நிற்கலாம். கூட்டல் சொல்லிக்கொடுத்தது சரியா என்று சாயங்காலமே கேட்டுக்கொள்ளலாம். கல்லூரிக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் இருந்த அந்த ஏற்பாட்டை நாம் எப்போது, ஏன் கைவிட்டோம் என்பதே தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

பழைய ஆட்களுக்கு ஹையர் கிரேடு, செகண்டரி கிரேடு என்ற சொற்கள் பழக்கம். எட்டாவது முடித்துப் பயிற்சி எடுத்தவர் ஹையர் கிரேடு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பயிற்சி எடுத்தவர் செகண்டரி கிரேடு, அதாவது இடைநிலை ஆசிரியர். பிறகு பிளஸ் டூ முடித்தவர்களுக்கான டி.டெட். வந்தது, இப்போது அதற்குப் பெயர் டி.எல்.எட். சேர்வதற்கான தகுதி ஏறிக்கொண்டே போனாலும், தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இரண்டு வருடப் பயிற்சி என்பது நிலைத்துவிட்டது. பட்டதாரிக்கோ அன்று முதல் 2015 வரை ஒரே வருடம். ஒன்றாம் வகுப்புக்கு இரண்டு வருடப் பயிற்சி, ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வருடம் என்றால் விசித்திரமாகத் தெரியலாம். உள்ளே இருந்த நினைப்பு இதுதான்: பாடம் தெரிந்தவருக்குப் பாடம் நடத்தவும் தெரியும், ஒரு வருடம் மேல்பூச்சு போட்டால் போதும். 1964-66 கோத்தாரி கமிஷனும் பட்டதாரிக்கு ஒரு வருடத்தையே ஒத்துக்கொண்டது. ஆனால் அந்த வருடத்தில் வேலை நாள் 230 ஆக வேண்டும் என்று நிபந்தனை போட்டது. வருடத்தை எடுத்துக்கொண்டோம், 230 நாளை விட்டுவிட்டோம்.

அந்த நினைப்பு தவறு என்பதை உச்ச நீதிமன்றமே வேறு வழியில் சொன்னது. பி.எட் படித்தவர்களும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆசிரியராகலாம், வேலையில் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் ஆறு மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் 2018-இல் அறிவித்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்று அந்த அறிவிப்பை நீதிமன்றம் ரத்து செய்தது. சின்னக் குழந்தைக்கு எழுத்து அறிவிப்பது தனிக் கலை, அதற்கென்று பயிற்சி பெற்றவர்தான் வேண்டும், பெரிய பட்டம் அதற்கு ஈடாகாது என்பதே தீர்ப்பின் சாரம். இந்தியாவில் ஆசிரியர் பயிற்சி பற்றி வந்த தீர்ப்புகளில் குழந்தையின் பக்கம் நின்று பேசியது இது என்று தயங்காமல் சொல்வேன்.

இருபது வாரம்

ஒரு வருடம் எப்படி இரண்டானது? தனியார் பயிற்சி நிறுவனங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையம் 2012-இல் அறிக்கை தந்தது. தனித்து இயங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பயிற்சி நிறுவனங்களில் பெரும்பாலானவை உருப்படியான பயிற்சிக்கு முயற்சிகூடச் செய்வதில்லை, காசுக்குப் பட்டம் விற்கின்றன என்று அந்த அறிக்கையை மேற்கோள் காட்டியே 2020 கொள்கையும் எழுதுகிறது. ஆணையத்தைத் தொடர்ந்து 2014 இறுதியில் புதிய விதிகள் வந்தன. 2015-16 முதல் பி.எட் இரண்டு வருடம். அதில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும், முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. முன்பு நம் மாநிலத்தில் நாற்பது நாள் டீச்சிங் பிராக்டிஸ் என்று சொல்வார்களே, அதைவிட இது இரண்டரை மடங்கு. காகிதத்தில் நல்ல முன்னேற்றம்.

நடப்பது என்ன என்று எந்த அரசுப் பள்ளி ஆசிரியர் ஓய்வறையில் கேட்டாலும் சொல்வார்கள். ஒரே நிறச் சேலையில், கையில் சுருட்டிய சார்ட்டோடு பத்துப் பதினைந்து பேர் ஒரே நாளில் வந்து இறங்குவார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். 'ட்ரெய்னிங் டீச்சர்' அடிக்க மாட்டார், பாட்டுச் சொல்லித்தருவார், போகும்போது அழுவார். தலைமையாசிரியருக்கும் ஒரு நிம்மதி: லீவு போட்ட ஆசிரியரின் வகுப்புக்கு ஆள் கிடைத்துவிட்டது. பயிற்சிக்கு வந்தவரை வகுப்பில் வழிநடத்த வேண்டிய கைடு டீச்சருக்கு இதற்கென்று ஒரு ரூபாயும் கிடையாது, ஒரு பீரியடு குறைப்பும் கிடையாது. அவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனித்து, 'நீ கரும்பலகையைப் பார்த்தே பேசிக்கிட்டிருந்தேம்மா, பிள்ளைகளைப் பாரு' என்று சொன்னால் அது அவருடைய நல்ல மனசு. சொல்லாவிட்டால் கேட்க ஆளில்லை. கல்லூரியிலிருந்து வருபவர் பார்ப்பது லெசன் பிளான் நோட்டையும் ரெக்கார்டையும்தான். அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்குவதற்கே பாதி நாள் போய்விடும் என்பது பயிற்சி முடித்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் விஷயம். கல்லூரிப் பக்கமே வராமல் பி.எட் முடிக்கிறவர்கள் கதை தனி. அவர்களுக்கு ஒரு வருடமானாலும் நான்கு வருடமானாலும் ஒன்றுதான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. பயிற்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் பள்ளி நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு வந்து, அரையாண்டுத் தேர்வை ஒட்டிப் போய்விடுகிறார்கள். ஜூன் மாதத்தை அவர்கள் பார்ப்பதே இல்லை. ஆறாம் வகுப்புக்கு நான்கைந்து ஊர்த் தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும் மாதம் அது. ஒருத்தி பத்தி பத்தியாகப் படிப்பாள், பக்கத்தில் இருப்பவன் எழுத்துக் கூட்டுவான். செண்பகத்தோப்பு மலையடிவாரத்திலிருந்து வரும் பளியர் பழங்குடிக் குழந்தை வாயே திறக்காமல் இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளையும் இருக்கும். யாருக்கு எது தெரியும் என்று கண்டுபிடிப்பது, நாற்பது பேரையும் ஒரு வகுப்பாக உட்காரப் பழக்குவது, முதல் வாரத்திலேயே பள்ளியை விட்டு நிற்கப் பார்க்கும் பையன் வீட்டுக்கு நடப்பது, இவையெல்லாம் ஜூனில் நடக்கும் வேலைகள். பயிற்சி ஆசிரியர் வரும்போது அந்த வேலையை வேறு யாரோ முடித்துவைத்திருப்பார்கள். அடங்கி உட்கார்ந்திருக்கும் வகுப்பு இயற்கையாகவே அப்படி இருப்பதாக அவர் நினைத்துக்கொள்வார்.

மார்ச்சும் அப்படியே. ரிவிஷன், பொதுத்தேர்வு பயம், 'இந்தப் பையன் பாஸ் ஆவானா' என்ற ராத்திரிக் கவலை, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், உதவித்தொகை விண்ணப்பங்கள், பெற்றோரிடம் பேசுவது ஆகிய எதுவும் பதினாறு வாரத்துக்குள் அகப்படாது. வேலை கிடைத்து முதல் ஜூனில் பள்ளிக்குள் நுழையும்போதுதான், தனக்குச் சொல்லித்தரப்படாதது எவ்வளவு என்பது அவருக்குத் தெரியவரும். அந்த முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கு அந்த வருடம் திரும்ப வராது.

பயிற்சியை விட நீளமான வரிசை

சரி, இரண்டு வருடம் படித்து முடித்தாயிற்று. அடுத்து டெட். தமிழ்நாட்டின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதியதில் தேர்ச்சி பெற்றவர்கள் சுமார் 2,400 பேர். ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்று, அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுதேர்வு வைத்தார்கள். 2013-இல் தேர்ச்சி பெற்ற ஆயிரக்கணக்கானோர் வேலைக்குக் காத்திருக்க, 2018-இல் அரசாணை 149 வந்தது: டெட் தகுதி மட்டுமே, வேலைக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். இடைநிலை ஆசிரியர்களுக்கு அந்தப் போட்டித் தேர்வு நடந்தது 2024 ஜூலையில். இரண்டு வருடம் பயிற்சி பெற்ற ஒருவர் பத்து வருடத்துக்கு மேல் வகுப்பறைக்கு வெளியே நின்ற கணக்கு இது.

இந்தப் பத்து வருடத்தில் ராஜபாளையத்துப் பெண் என்ன செய்வார்? பக்கத்து மெட்ரிக் பள்ளியில் சேருவார். பத்து, பன்னிரண்டாயிரம் கொடுத்தால் நல்ல பள்ளி. இல்லாவிட்டால் டியூஷன், ஜவுளிக்கடை பில்லிங், மில் ஆபீஸ். பயிற்சியில் கற்ற கொஞ்சமும் கைவிட்டுப் போகும். பிறகு நாற்பது வயதுக்குப் பக்கத்தில் வேலை கிடைக்கும்போது, பழகாத கையோடுதான் உள்ளே போவார். பயிற்சியின் நீளத்தைப் பற்றி மட்டும் விவாதிப்பவர்கள், பயிற்சிக்கும் வகுப்பறைக்கும் நடுவே கிடக்கும் இந்தப் பொட்டலைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

வேலையில் இருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஓய்வுபெற ஐந்து வருடத்துக்கு மேல் மீதமுள்ள ஆசிரியர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபது வருடம் பாடம் நடத்தியவரை மூன்று மணி நேரக் கேள்வித்தாளால் அளக்கலாம் என்று நாம் நம்புகிறோம். அவர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்து அளக்க நமக்கு ஆளும் இல்லை, வழியும் இல்லை. பயிற்சி பலவீனமாக இருக்கும் இடத்தில்தான் தேர்வு இவ்வளவு பெரிதாகிறது.

கோப்பாயில் நடப்பது

வெளியே பார்த்தால், பின்லாந்தை எல்லாரும் சொல்வார்கள். 1979 முதல் அங்கே பள்ளி ஆசிரியருக்கு முதுகலைப் பட்டம், ஏறக்குறைய ஐந்து வருடம். பல்கலைக்கழகங்களே பயிற்சிப் பள்ளிகளை நடத்துகின்றன. ஆனால் அந்நாட்டின் மக்கள்தொகை நம் மாநிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிங்கப்பூரில் பட்டதாரிக்குப் பதினாறு மாதம், பயிற்சிக் காலத்திலேயே அரசு சம்பளம் கொடுத்துவிடுகிறது. அமெரிக்காவில் 1990-இல் தொடங்கிய டீச் ஃபார் அமெரிக்கா சில வாரக் கோடைப் பயிற்சியோடு பட்டதாரிகளை ஏழைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. இங்கிலாந்தில் பயிற்சி ஒரு வருடம்தான். ஆனால் 2021 முதல், வேலையில் சேர்ந்த பின்னும் இரண்டு வருடம் வழிகாட்டி ஆசிரியர் ஒருவரின் கீழ் இருக்க வேண்டும். முதல் வருடம் பாடவேளையில் பத்து சதவீதம் குறைப்பு, இரண்டாம் வருடம் ஐந்து.

நமக்குப் பக்கத்தில், நம் மொழியிலேயே, இன்னும் பொருத்தமான ஏற்பாடு இருக்கிறது. இலங்கையில் 1980களின் நடுவில் தொடங்கிய தேசிய கல்வியியற் கல்லூரிகளில் படிப்பு மூன்று வருடம். இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு. மூன்றாவது வருடம் முழுக்கப் பள்ளியில் பயிற்சி. யாழ்ப்பாணம் கோப்பாயிலும், வவுனியாவிலும், மட்டக்களப்பிலும், மலையகத்தில் பத்தனையிலும் இப்படிப் பயின்ற தமிழ் ஆசிரியர்கள் ஒரு பள்ளி ஆண்டின் தொடக்கத்தையும் முடிவையும் பார்த்த பிறகே நியமனம் பெறுகிறார்கள். போரும் நெருக்கடியும் புரட்டிப்போட்ட நாடு அது. ஆனாலும் அந்த முழு வருடத்தை அவர்கள் விடவில்லை.

எதிர்த் தரப்பிலும் வலுவான ஆதாரம் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. ஆந்திராவின் கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில், பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் செய்த ஆய்வில், கூடுதலாக நியமிக்கப்பட்ட ஒப்பந்த ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகள் நிரந்தர ஆசிரியர்களிடம் படித்தவர்களுக்குச் சளைக்கவில்லை. ஒப்பந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி குறைவு, சம்பளமோ பல மடங்கு குறைவு. அப்படியானால் பயிற்சியே வீணா? நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது கொடுக்கப்படும் பயிற்சி வீண் என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டுகிறது. பக்கத்து ஊர்க்காரராக, தினமும் வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்தவர் அதே அளவுக்குச் செய்துவிட்டார் என்றால், காகிதத்தில் மட்டும் நீண்டுகிடக்கும் ஒரு படிப்பை இன்னும் நீட்டுவதில் என்ன பயன்? தமிழ்நாட்டிலேயே 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்கள் சில நாள் பயிற்சியோடு மாலை வகுப்பு நடத்தினார்கள். கொரோனாவுக்குப் பின் பிள்ளைகளை மீண்டும் புத்தகத்தோடு சேர்த்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒன்று: மாலையில் இருபது பிள்ளைகளுக்குத் துணை நிற்பது வேறு, ஒரு வகுப்பின் முழு வருடத்துக்குப் பொறுப்பேற்பது வேறு.

என் கணக்கு

பட்டதாரிக்கு இரண்டு வருடம் சரியான அளவு. ஒன்றாகக் குறைக்கவும் வேண்டாம், இன்னும் இழுக்கவும் வேண்டாம். நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பு, பிளஸ் டூ முடிக்கும்போதே ஆசிரியராவேன் என்று தீர்மானித்தவருக்கு நல்லது. ஆனால் பதினேழு வயதில் அதைத் தீர்மானிக்கும் வாய்ப்பு ராஜபாளையம் பக்கத்துச் செட்டியார்பட்டிப் பெண்ணுக்கு எந்த அளவுக்கு இருக்கிறது? அவர் பி.எஸ்சி. முடித்துவிட்டுத்தான் யோசிப்பார். அந்தக் கதவை அடைக்கக் கூடாது. தொடக்கப் பள்ளிக்கு டி.எல்.எட். தனிப் படிப்பாகவே இருக்கட்டும்.

மாற வேண்டியது அந்த இரண்டு வருடத்தின் உள்ளடக்கம். முதல் வருடம் கல்லூரி. இரண்டாம் வருடம் முழுக்க ஒரே பள்ளி, ஜூன் முதல் ஏப்ரல் வரை. ஒரு கைடு டீச்சருக்கு ஒரே பயிற்சியாளர். முதல் பருவத்தில் கூடவே நின்று பார்ப்பது, அடுத்து பாதி வகுப்பு, கடைசியில் முழு வகுப்பு. எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாக மூத்த டாக்டர் கண்ணெதிரே வேலை பார்த்து, உதவித்தொகையும் வாங்குகிறார். அவரிடம் ஒரு நோயாளியைத் தனியாக ஒப்படைக்கத் தயங்கும் அதே அரசு, நாற்பது பிள்ளைகளை இருபது வாரம் பார்த்தவரிடம் ஒப்படைத்துவிடுகிறது. கைடு டீச்சருக்கு வாரத்தில் நான்கைந்து பீரியடு குறைத்து, அந்த வேலைக்கு ஒரு தொகையும் கொடுக்க வேண்டும். பட்டத்தில் பாதி மதிப்பெண் அவர் கையில் இருக்கட்டும், ரெக்கார்டு நோட்டில் வேண்டாம்.

தனியார் கல்லூரிகள் இதை விரும்பாது. கட்டணம் கட்டிய மாணவர் ஒரு வருடம் வெளியே போய்விட்டால் வளாகம் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். விருதுநகர் மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளையும் உதவி பெறும் பள்ளிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் ஒரு வருடம் இதைச் செய்து பார்க்க மாநில அரசுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. குறைந்தபட்சம் இருபது வாரம் என்றுதான் விதி சொல்கிறது, அதிகம் கூடாது என்று சொல்லவில்லை.

பணம்தான் தடை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2022-இல் அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 இடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களை வைத்துக்கொள்ள மாநில அரசே அறிவித்தது. பட்டதாரி ஆசிரியருக்கு அப்போது சொன்ன தொகை மாதம் 10,000 ரூபாய், இடைநிலை ஆசிரியருக்கு 7,500. அந்தத் தொகையை இரண்டாம் வருட பி.எட் மாணவருக்கு உதவித்தொகையாகக் கொடுங்கள், கூடவே ஒரு மூத்த ஆசிரியரை நிறுத்துங்கள். பள்ளிக்கு ஆளும் கிடைக்கும், ஆளுக்குப் பயிற்சியும் கிடைக்கும்.